எங்கள் தமிழ் மன்றத்தின் நாகரத்னா

காலையில் அலுவலகம் போவதற்காக லிங்கராஜபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. திரையில் நாகுவின் பெயர். அந்த நேரத்தில் அவள் கூப்பிடுவது புதிதல்ல. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் யாரையாவது கூப்பிட்டுப் பேசிக்கொண்டே வேலைக்குப் போவது அவள் பழக்கம். "சொல்லுடி" என்றேன். எதிர்முனையில் அவள் கணவர் சிவண்ணாவின் குரல். அவர் கன்னடக்காரர். என்னோடு பேசும்போது மட்டும் விடாப்பிடியாகத் தமிழில் முயல்வார். தப்பு வந்தால் நாகு பின்னாலிருந்து சிரிப்பது கேட்கும். அன்று அவர் கன்னடத்திலேயே சொன்னார். "அக்கா, நாகு ஹோக்பிட்டளு." போய்விட்டாள் என்ற அந்தச் சொல் எனக்கு எந்த மொழியில் கேட்டாலும் புரிந்திருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம் தலைவலி என்று படுத்திருக்கிறாள். காபி கேட்டிருக்கிறாள். காபி கொண்டுவருவதற்குள் நினைவு தப்பிவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்களாம். விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. நாற்பது வயதைத் தொடவில்லை.

மன்றத்துத் தோழிகளில் வர முடிந்தவர்கள் அன்று ஸ்ரீராம்புரத்தில் அவள் வீட்டுக்கு வந்தீர்கள். அந்தச் சின்னச் சந்தில் நிற்க இடமில்லாமல் அடுத்த வீட்டு வாசல்களில் நின்றோம். அழுதோம். கலைந்துபோனோம். அவளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவில்லை. பேசியிருந்தால், ஆளுக்கு ஒரு நாகுவைச் சொல்லியிருப்போம் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்த நாகுவை இங்கே எழுதிவைக்கிறேன். தப்பு இருந்தால் நீங்கள் திருத்தலாம்.

அவளை முதலில் பார்த்தது நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் பாட்டுப் போட்டியில். வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் நாம் கூடும் அந்த அறை உங்களுக்கு நினைவிருக்கும். வேதியியல் ஆய்வகத்துக்குப் பின்னால், எப்போதும் அமில நெடியோடு இருக்கும். அந்த வருடம் புதிதாகச் சேர்ந்த நாங்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடையோடு ஒருத்தி முன்னால் போய் நின்றாள். கையில் ஒரு தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு பக்திப் பாட்டைப் பாடினாள். சுருதி அப்படி இப்படித்தான். ஆனால் அந்த அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிப் பாடினாள்.

பாடி முடித்ததும் தமிழ் மிஸ் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. தாள் முழுவதும் கன்னட எழுத்து.

"நீ தமிழ்ப் பொண்ணு இல்லையா?"

"இல்ல மிஸ். கன்னடம். எங்க தெருவுல எல்லாரும் தமிழு. வாயில வருது மிஸ், கையில தான் வரல."

அறையே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். மிஸ் தாளை உற்றுப் பார்த்து, சில எழுத்துகளுக்குக் கீழே மட்டும் சின்ன வால் போல எதுவோ வரைந்திருக்கிறதே, அது என்ன என்று கேட்டார். கன்னடத்தில் ழகரம் கிடையாது. அதனால் 'ள' எழுதி அதற்கு ஒரு வால் வைத்திருக்கிறாள். "அந்த வாலு வந்தா நாக்க மடிக்கணும் மிஸ். ஞாபகத்துக்கு."

தமிழர் வீட்டுப் பெண்களான நாங்கள் யாரும் அதுவரை ழகரத்துக்காக அவ்வளவு பாடுபட்டதில்லை. அன்று அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை. அதற்காக மிஸ்ஸிடம் சண்டை போட்டாள். தனக்கு நன்றாகப் பாட வரும் என்பதில் கடைசிவரை அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

மூன்றாவது வருடம், தொண்ணூற்றொன்று டிசம்பர் வந்தது. காவிரித் தண்ணீர் விஷயமாகப் பெங்களூர் கொதித்தது. தமிழர்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தன. அப்போது இங்கே இருந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. இல்லாதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது.

அந்த நாட்களில் ஸ்ரீராம்புரத்தில் அவள் வீட்டில் என்ன நடந்தது என்று பல வருடங்கள் கழித்து ஒருமுறை கேட்டேன். அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்களும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டில் தங்கியிருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். "கதவத் தட்டினாங்க. தொறந்தோம். அதுல பேசறதுக்கு இன்னா இருக்கு?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்த வருடம் மன்றத்தின் செயலாளர் கலைச்செல்வி. நம் கல்லூரியில் அவளைப் போலப் பேசத் தெரிந்தவள் யாரும் இருந்ததில்லை. பொருளாதாரத்தில் முதல் வகுப்பு நிச்சயம் என்று ஆசிரியர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் அப்பா வைத்திருந்த தையல் கடையை எரித்துவிட்டார்கள். மிஷின்கள், தைக்கக் கொடுத்திருந்த துணிகள், எதுவும் மிஞ்சவில்லை. குடும்பம் கிருஷ்ணகிரியில் மாமா வீட்டுக்குப் போய்விட்டது என்று மட்டும் தெரிந்தது. கல்லூரி மறுபடி திறந்தபோது கலை வரவில்லை. அடுத்த வாரம் வருவாள், பொங்கல் முடிந்து வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் வரவேயில்லை. பரீட்சையும் எழுதவில்லை.

ஜனவரிக் கடைசியில் பிரின்சிபால் மேடம் எங்களைக் கூப்பிட்டார். மன்றத்துக்கு ஒரு செயலாளர் பெயர் அலுவலகத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த வருடத்தோடு மன்றத்தைக் கலைத்துவிடலாம் என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கலைத்துவிட்டால் எங்களுக்கு நல்லது என்றுகூட நினைத்திருக்கலாம். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். "படிக்கப் போற எடத்துல படிச்சிட்டு வா. பேரு கீரு எதுலயும் இருக்கக் கூடாது" என்று என் அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அநேகமாக எல்லார் வீட்டிலும் அதே பேச்சுதான்.

"என் பேரப் போடுங்க மேடம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மேடம் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள். மேடம் கன்னடத்துக்கு மாறினார். "நீனு கன்னடதவளல்வா?" நீ கன்னடப் பெண் அல்லவா என்று.

"ஹவுது மேடம்" என்று ஒப்புக்கொண்டாள்.

"மத்தே?"

அப்படியென்றால் இது எதற்கு என்பதுதான் அந்த 'மத்தே'. நாகு கொஞ்சம் யோசித்தாள். "மத்தே ஏனூ இல்ல மேடம்" என்றாள். வேறொன்றும் இல்லை. மேடம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பெயரை எழுதிக்கொண்டார்.

அவள் வீட்டில் அது சாதாரணமாகப் போகவில்லை. அப்பா மில் தொழிலாளி. அதிகம் பேசாதவர். அவளுடைய தாய்மாமாதான் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருக்கிறார். சொந்த ஜனம் என்ன நினைக்கும், நாளைக்கு இவளை யார் பெண் கேட்டு வருவார்கள் என்றெல்லாம் கத்திவிட்டு, இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று போய்விட்டாராம். "ரெண்டு வாரம் மாமா வரல. அம்மாவுக்கு ராகிக்களி மிச்சம்" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. அந்த மாமாதான் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் என்பதைப் பிறகு அறிந்தேன்.

மார்ச்சில் மன்ற ஆண்டு விழாவை நடத்தியே தீருவேன் என்று நின்றாள். பெரிய அரங்கம் கிடைக்கவில்லை. வகுப்பறை ஒன்றைக் கொடுத்தார்கள். கன்னட சங்கத்துப் பெண்களையும் அழைத்திருந்தாள். அவர்கள் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். யார் பாடினாலும் பேசினாலும் நாங்கள் கையோடு கை உரசுவதுபோலத்தான் தட்டினோம். சத்தம் வெளியே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது. நாகு கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாட்டை நடுவில் நிறுத்தச் சொல்லி முன்னால் வந்தாள்.

"ஏன்டி எல்லாரும் பூனை மாதிரி உக்காந்திருக்கீங்க? விழாவா இது, சாவு வீடா? கை தட்டுங்க. எவ வந்து கேக்கறான்னு நான் பாத்துக்கறேன்."

முதலில் தட்டியது கன்னட சங்கத்துச் செயலாளர். அப்புறம் நாங்கள். அப்படிக் கை தட்டியதை நான் அதற்குப் பிறகு எந்த விழாவிலும் கேட்டதில்லை.

இந்தச் சம்பவத்தை நாம் எத்தனை முறை சொல்லியிருப்போம்! கல்யாணங்களில் சந்தித்தபோது, குழந்தை பார்க்கப் போனபோது, பிற்பாடு நாகு வரவேற்பு மேசையில் வேலை பார்த்த மருத்துவமனைக்கு நாம் யாராவது போனபோது. நாகுவும் அதை ரசித்துக் கேட்பாள். தன்னைப் பற்றி யாராவது நல்லதாகச் சொன்னால் வெட்கப்படுகிற ஆள் இல்லை அவள். "மொதல்லேர்ந்து சொல்லு" என்பாள். மன்றத்தைக் காப்பாற்றியவள் என்று நாம் அவளைச் சொன்னோம். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மன்றத்துக்கு இருபத்தைந்து வருடம் ஆகிறது, பழைய மாணவிகளை எல்லாம் கூட்டி ஒரு விழா எடுக்கலாம் என்று கல்லூரியிலிருந்து பேச்சு வந்தபோது, நாம் எல்லோரும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் மாமியாரின் மருந்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்தோம். வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டவள் நாகுதான். ஆண்கள் என்றால் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்தால் போதும், ஆளைப் பிடித்துவிடலாம். கல்லூரியில் படித்த பெண்களைத் தேட வேண்டுமானால் அம்மா வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அம்மா வீடு காலியாகியிருந்தால் எதிர் வீட்டில் கேட்க வேண்டும். பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்து மாறியிருக்கும். சில பேருக்குப் பெயரே மாறியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து நான் இந்த ஊரின் எத்தனை சந்துகளைப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

சந்தாபுராவில் ஒரு வீட்டில் கதவைத் திறந்தவர் நம் தோழியின் மாமியார். தமிழ் மன்றத்திலிருந்து வந்திருக்கிறோம் என்றோம். ஏற இறங்கப் பார்த்தார்.

"மன்றமா? எந்த நடிகருக்கு?"

நாகு கொஞ்சமும் தயங்கவில்லை. "நடிகருக்கு இல்லம்மா. உங்க மருமகளுக்குத்தான் ரசிகர் மன்றம். நாங்க ரெண்டு பேரும் பழைய மெம்பர்ங்க."

கிழவி சிரித்துவிட்டார். மோர் கிடைத்தது. விழாவுக்கு மருமகளை அனுப்ப அனுமதியும் கிடைத்தது.

அவள் எல்லோரிடமும் ஒரு பொய் சொன்னாள் என்பதை இப்போது போட்டு உடைக்கலாம். "எல்லாரும் வர்றாங்க, நீ ஒருத்திதான் பாக்கி" என்று முதலில் பார்த்த பெண்ணிடமே சொன்னாள். அப்போது வருவதாக ஒருத்திகூடச் சொல்லியிருக்கவில்லை. உங்கள் ஒவ்வொருவரிடமும் அதையேதான் சொன்னாள். ஏன் இப்படிப் புளுகுகிறாய் என்று கேட்டேன். "எல்லாரும் வந்துட்டா அது நெஜமாயிடும் இல்ல?" என்றாள்.

கலைச்செல்வி கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கணவரோடு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள் என்று யார் மூலமோ தெரியவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனோம். வழியெல்லாம் நாகுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருடத்துக்கப்புறம் கலை எப்படி இருப்பாள், நம்மைப் பார்த்ததும் என்ன செய்வாள் என்று பேசிக்கொண்டே வந்தாள்.

கலைக்கு எங்களை உடனே அடையாளம் தெரிந்தது. கணவரைக் கடையில் விட்டுவிட்டு, பின்னால் இருந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள். டீ போட்டாள். அவள் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் பெங்களூரிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் கன்னடத்தில் நலம் விசாரித்தார். அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் பெங்களூர்தான். "எங்கப்பா கடைசிவரைக்கும் தூக்கத்துல கன்னடத்துலதான் பேசினாரு" என்றாள் கலை. "இங்க இருக்கறவங்களுக்கு நாங்க இன்னைக்கும் பெங்களூர்க்காரங்கதான்."

நாகு விழாவைப் பற்றிச் சொன்னாள். எல்லாரும் வருகிறார்கள், நீ ஒருத்திதான் பாக்கி என்றும் சொன்னாள். பிறகு, கேட்காமலே, தொண்ணூற்றிரண்டு மார்ச் ஆண்டு விழாவைச் சொல்ல ஆரம்பித்தாள். மன்றத்தைக் கலைக்கப் பார்த்தது, யாரும் பெயர் கொடுக்காதது, தான் பெயர் கொடுத்தது, கை தட்டச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். கலை சந்தோஷப்படுவாள் என்று நிஜமாகவே நம்பித்தான் சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கலை டம்ளரைக் கீழே வைத்தாள்.

"என் பேர எடுத்துட்டு உன் பேரப் போட்டீங்க. அப்ப நான் செத்தா போயிட்டேன், நாகு?"

கலையே தொடர்ந்தாள்.

"பிப்ரவரியில வந்து ஹால் டிக்கெட் வாங்கிட்டுப் போலாம்னுதான் இருந்தேன். மாமா கூட்டிட்டு வரேன்னு சொல்லியிருந்தாரு. அதுக்குள்ள அந்தப் பக்கத்துலேர்ந்து வந்த யாரோ சொன்னாங்க, மன்றத்துக்கு வேற செக்ரட்டரி போட்டாச்சுன்னு. பெரிய பதவி ஒண்ணும் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அப்ப மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். கடை போச்சு, வீடு போச்சு. அங்க என் பேராவது இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுக்கப்புறம் வரணும்னு தோணல."

அவள் குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. நாகுவைத் தைரியசாலி என்று எல்லோரும் சொல்வதாகக் கேள்விப்பட்டதாகவும், அது உண்மைதான், அதில் தப்பில்லை என்றும் சொன்னாள். "ஆனா நீ அந்தக் கதைய இந்த வீட்ல சொல்லாத."

எனக்குள் பதில்கள் முட்டிக்கொண்டு வந்தன. மன்றமே போயிருக்குமே, உனக்குத் தகவல் சொல்ல வழியே இல்லையே, அவள் வீட்டில் அவள் எவ்வளவு பட்டாள் தெரியுமா என்றெல்லாம். எல்லாம் நியாயமான பதில்கள்தான். நாகுவுக்கு என்னைவிட வாய் அதிகம். அவள் பொரிந்து தள்ளப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"இது எனக்குத் தெரியாது, கலை" என்றாள் நாகு. "இன்னும் சொல்லு."

கலை சொன்னாள். மத்தியானம் முழுக்கச் சொன்னாள். மாமா வீட்டில் இருந்த நாட்கள், படிப்பு நின்றது, துணிக்கடையில் வேலைக்குப் போனது, அப்பா மறுபடி மிஷினைத் தொட மறுத்தது. நாகு ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. 'நான்' என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கவில்லை. அவளை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விழாவுக்கு வருகிறாயா என்றும் பிறகு கேட்கவில்லை. கிளம்பும்போது கலையின் அம்மாவின் கால்களைத் தொட்டுக் கும்பிட்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில், அவள் வருத்தத்தைத் தணிக்கலாம் என்று, நீ செய்தது சரிதான் என்று ஆரம்பித்தேன். "நான் செஞ்சது சரிதான் ரெஜி" என்றாள். "அவ சொல்றதும் சரிதான். ரெண்டும் ஒரே நேரத்துல சரியா இருக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?" ஓசூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விழா நாள் உங்களுக்குத் தெரியும். அரங்கம் நிறைந்திருந்தது. பிசிபேளா பாத் போதாமல் போய் மறுபடி ஆள் அனுப்பி வாங்கிவந்தோம். பழைய செயலாளர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். நாகுவின் பெயர் வந்தபோது கை தட்டல் நிற்கவே இல்லை. அவள் மேடையில் ஏறினாள். பொன்னாடையைப் போர்த்திக்கொள்ளாமல் கையில் வாங்கிக்கொண்டாள். மைக்கைப் பிடித்தாள்.

"அந்த வருசம் செக்ரட்டரி கலைச்செல்வி. அவங்களால வர முடியாமப் போச்சு. நான் அவங்க வேலையப் பாத்தேன். அதச் சொல்லித்தான் அன்னைக்கே நான் பேரு குடுத்திருக்கணும். கலைச்செல்விக்காக, ஆக்டிங் செக்ரட்டரி நாகரத்னான்னு. எனக்குத் தோணல. இப்பவாவது அப்படி எழுதிக்குங்க."

நம்மில் பாதிப் பேருக்கு அது என்ன பேச்சு என்று புரியவில்லை. தன்னடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினோம். கலை அன்று வரவில்லை. வருவாள் என்று நாகு ஒருவரிடமும் பொய் சொல்லவும் இல்லை. மறு ஞாயிறு அந்தப் பொன்னாடையை எடுத்துக்கொண்டு அவள் மட்டும் கிருஷ்ணகிரிக்குப் போனாள். அங்கே என்ன நடந்தது என்று சொல்லவில்லை. கலை அதை வாங்கிக்கொண்டாளா என்று கேட்டதற்கு, "சாப்பாடு போட்டா" என்றாள்.

அதற்கடுத்த வருடம் கலையின் அம்மாவுக்கு இருதயத்தில் கோளாறு. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பெரிய மருத்துவமனை என்றால் பெங்களூர்தான். பதினைந்து வருடங்களுக்கு மேல் இந்த ஊருக்குள் வராத கலை, நாகுவைத்தான் கூப்பிட்டாள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் முழுவதும் கலை ஸ்ரீராம்புரத்தில் நாகுவின் வீட்டில் தங்கினாள். ஒருநாள் சாயங்காலம் நான் போனபோது இரண்டு பேரும் சமையலறையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரசத்துக்கு வெல்லம் போடலாமா கூடாதா என்று. நாகு போடணும் என்கிறாள், கலை போட்டால் தான் சாப்பிடமாட்டேன் என்கிறாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த சிவண்ணா என்னைப் பார்த்து, "அக்கா, ரெண்டு நாளா இதே கதை" என்றார் தமிழில். நாகு சண்டையை நிறுத்திவிட்டு, அவர் தப்பில்லாமல் பேசியதற்காகக் கை தட்டினாள்.

அதற்குப் பிறகு கலை இரண்டு மூன்று முறை வந்துபோனாள். பழைய சிநேகிதம் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். கலையிடம் கேட்டால் அவளும் சொல்லமாட்டாள். படிப்பு போனது போனதுதான். அதை அவர்கள் இருவரும் மறைத்துக்கொள்ளவில்லை. அதைத் தெரிந்து வைத்துக்கொண்டே ஒரே அடுப்படியில் நின்றார்கள்.

நாகு இறந்த அன்று நான் போய்ச் சேர்ந்தபோது கலை எனக்கு முன்பே வந்திருந்தாள். விடியற்காலை செய்தி கேட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருக்கிறாள். நாகுவின் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாய்மாமா வாசலில் சுவரில் சாய்ந்து நின்று குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அவர் யார் என்று கலைக்குத் தெரியாது. எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

நாகுவுடைய துணிச்சலைப் பற்றி இனியும் நிறையப் பேர் பேசுவீர்கள். பேச வேண்டும். ஆனால் அந்தத் துணிச்சல் எனக்குக் கைவராது என்பது எனக்குத் தெரியும். அது அவளோடு பிறந்தது. அவளிடமிருந்து நான் எடுத்துவைத்துக்கொள்ளக் கூடியது வேறொன்று.

போன வாரம் என் தங்கை வந்திருந்தாள். பேச்சுக்கு நடுவில், அம்மா படுக்கையில் கிடந்தபோது எல்லாவற்றையும் நானே முடிவு செய்ததாகவும், அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னிடம் பதில் இருந்தது. அவள் அப்போது கோலாரில் இருந்தாள், கைக்குழந்தை வேறு, அம்மாவின் பக்கத்தில் ராத்திரி பகலாக உட்கார்ந்திருந்தவள் நான்தான். எல்லாம் உண்மை. வாயைத் திறந்தேன். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது எனக்குத் தெரியாது, சொல்லு" என்றேன்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.